கப்பல் நிற்கும் இடத்திலேயே கரீபியன்: வீல்சேரோடு இறங்குபவர்களுக்கு

கரீபியன் தீவுகளைச் சுற்றும் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கப்பல் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, இல்லை கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டு ஆட்களைச் சின்னப் படகில் கொண்டுபோய் விடுவார்களா? வீல்சேரில் வருபவருக்குப் பயணம் எப்படி அமையும் என்பதில் பாதி இந்தப் பதிலில் இருக்கிறது. பால்கனி உண்டா, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சின்னப் படகுக்கு டெண்டர் என்று பெயர். கப்பலுக்கும் படகுக்கும் நடுவே அலையில் ஏறி இறங்கும் ஓர் இடைவெளி இருக்கும், அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும். கைத்தாங்கலில் இரண்டு படி இறங்கக்கூடியவர் என்றால், மடக்கும் வீல்சேரைத் தனியாகத் தூக்கிக்கொடுத்துப் போய்விடலாம். எழுந்து நிற்கவே முடியாதவருக்கும், கனமான பேட்டரி வீல்சேரில் இருப்பவருக்கும் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. வீல்சேரை உருட்டியபடியே ஏற்றக்கூடிய டெண்டர் படகுகள் சில கப்பல்களில் உண்டு. அங்கேகூட அன்றைய அலையைப் பார்த்துவிட்டுத்தான் ஊழியர்கள் முடிவு சொல்வார்கள்.

திருச்சியிலிருந்து அம்மா என்னோடு ஆறு மாதம் இருக்க அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது, இது எதுவும் தெரியாமல்தான் நான் முதல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு வலது கால் ஊன்றாது. ஒரு தீவில் படகு வாசல் வரை போனோம். அலை அதிகம், முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நீயாவது போயிட்டு வாடி" என்றார் அம்மா. நான் போகவில்லை. இரண்டு பேரும் மேல்தளத்தில் உட்கார்ந்து அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த ஊழியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் செய்தது சரிதான். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறு பாதையில் போகும் கப்பலை எடுத்திருப்பேன்.

கிராண்ட் கேமனின் ஜார்ஜ்டவுனில் பெரிய கப்பல் கட்டும் துறைமேடையே கிடையாது, எல்லோரும் டெண்டரில்தான் போயாக வேண்டும். பெலீஸ் சிட்டியிலும் கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிடும். இந்த இரண்டு பெயரும் உங்கள் பயணப் பாதையில் இருந்தால், அந்த இரண்டு நாளும் கப்பலிலேயே கழியலாம் என்று எண்ணிக்கொண்டு திட்டம் போடுங்கள். மெக்சிகோவின் கோசுமெல், பஹாமாஸின் நாசோ, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டின், செயின்ட் கிட்ஸ், மார்ட்டினிக், குராசோ, அரூபா ஆகியவற்றில் கப்பல் துறைமேடையில் ஒட்டி நிற்கும்.

அடுத்தது, கப்பல் எந்தத் துறைமேடைக்கு வருகிறது என்று பார்ப்பது. ஊர் பெயர் ஒன்றுதான், துறைமேடைகள் வேறு வேறு. கோசுமெலில் மூன்று உண்டு. புன்டா லங்கோஸ்டா என்பது சான் மிகேல் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, கடற்கரைச் சாலை பக்கத்திலேயே. மற்ற இரண்டும் சுமார் 5 கிலோமீட்டர் தெற்கே. அங்கே இறங்கினால் வாசலில் உள்ள கடைகள்தான், ஊருக்குப் போக டாக்ஸி வேண்டும். சான் ஹுவானிலும் இப்படித்தான். பழைய நகரத்தின் காலடியில் நிற்கும் கப்பல்கள் உண்டு, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பான் அமெரிக்கன் துறைமேடையில் நிற்கும் கப்பல்களும் உண்டு. மார்ட்டினிக்கின் ஃபோர்-டு-ஃபிரான்ஸில் புவான்ட் சிமோன் என்ற இடம் நகர மையத்தை ஒட்டியது, தூரேல் என்ற மற்றொரு துறை தள்ளி இருக்கிறது. துறைமுகங்களின் கப்பல் அட்டவணையை இணையத்தில் பார்த்தால் தேதிவாரியாகத் தெரியும். கடைசி நேரத்தில் மாறவும் செய்யும், அதனால் முதல் நாள் மாலை கப்பலின் வரவேற்பு மேசையில் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைமேடை தெரிந்துவிட்டதா? சரி, இப்போது வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, கப்பல் நிற்கும் முனையிலிருந்து வாசல் வரை அளந்து பாருங்கள். "துறைமுகத்திலிருந்து 300 மீட்டர்" என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் வாசலிலிருந்துதான் தொடங்கும். துறைமேடையே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஊர்கள் இருக்கின்றன. மெக்சிகோவின் கோஸ்டா மாயா அப்படி. நிழலே இல்லாத கான்கிரீட்டில் போக, வர என்று இரண்டு முறை தள்ள வேண்டும் என்பதைத் தள்ளுபவரின் முதுகை நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

கப்பல் நிறுவனத்திடம் சொல்ல வேண்டியவை

மாற்றுத்திறனாளிப் பயணிகளுக்கென்று ஒவ்வொரு பெரிய நிறுவனத்திலும் தனிப் பிரிவு இருக்கிறது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே அவர்களுடைய படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுங்கள். நாற்காலியின் அகலம், எடை, பேட்டரி வகை, உட்கார்ந்திருப்பவரால் படி ஏற முடியுமா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கதவு அகலத்தை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல கப்பல்களில் சாதாரண கேபின் கதவு 23 அங்குலம் அளவில்தான் இருக்கும், நம் ஊரில் வாங்கும் வழக்கமான வீல்சேரே அதைவிட அகலம். வீல்சேர் கேபின்களில் 32 அங்குலம் வரை கிடைக்கும், குளியலறைக்குள்ளும் உருட்டிப் போகலாம். எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் முதலில் தீர்ந்துபோவது இந்தக் கேபின்கள்தான். பேட்டரி ஸ்கூட்டரை இரவில் வராந்தாவில் நிறுத்த விடமாட்டார்கள், கேபினுக்குள்தான் வைக்க வேண்டும்.

கப்பலில் வீல்சேர் கொடுப்பார்களே என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். ஏறும் நாளும் இறங்கும் நாளும் தள்ளிவிட ஆள் வருவார், அவசரத்துக்கு நாற்காலி தருவார்கள். ஊருக்குள் கொண்டுபோகத் தரமாட்டார்கள், ஊருக்குள் தள்ள ஆளும் அனுப்பமாட்டார்கள். சொந்தமாக இல்லையென்றால், கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே வாடகைக்கு எடுத்துக் கேபினில் கொண்டுவந்து வைக்கச் சொல்லலாம்.

இந்தியாவிலிருந்து பேட்டரி வீல்சேரோடு வருபவர்கள் இரண்டைக் கவனியுங்கள். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி என்றால் விமானத்தில் ஒன்றுக்கு 300 வாட்-அவர் வரைதான் வரம்பு. இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கப்பலில் அமெரிக்க வகைத் தட்டைப் பின் 110 வோல்ட் பிளக் கட்டாயம் இருக்கும், 220 எல்லாக் கப்பலிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தியக் கடவுச்சீட்டில் வரும் பெற்றோருக்கு அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். கப்பல் தீவுகளுக்குப் போய்த் திரும்புவது மறுபடி நாட்டுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். மற்றத் தீவுகளுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுற்றுலாவா, நாமே போவதா

கப்பலில் விற்கும் சுற்றுலாக்களில் வீல்சேர் படம் போட்டிருந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். நாற்காலியை மடக்கி டிக்கியில் வைப்போம், நீங்கள் ஐந்து படி ஏறிப் பேருந்தில் உட்காருங்கள் என்பதுதான் பல நேரம் அதன் பொருள். பேருந்தில் லிஃப்டோ சரிவுப் பலகையோ இருக்கிறதா, நாற்காலியிலேயே உட்கார்ந்து வரலாமா, அதைத் தரையோடு கட்டிப் பூட்டுவார்களா, போகும் இடத்தில் உள்ளே நுழையும் அளவுக்குக் கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால் அன்றே பதிவு செய்யுங்கள், அப்படிப்பட்ட வண்டிகள் ஒரு தீவில் ஓரிரண்டுதான் இருக்கும். செயின்ட் தாமஸில் துறைமுக வாசலில் வரிசையாக நிற்பவை சஃபாரி டாக்ஸிகள், லாரியின் பின்பக்கத்தில் பெஞ்சு போட்ட திறந்த வண்டிகள். ஏறும் இடம் இடுப்பளவு உயரத்தில் இருக்கும். அம்மாவைப் போன்றவர்களுக்கு அது சரிப்பட்டு வராது.

அதனால்தான் நான் துறைமேடையைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கத் தொடங்கினேன். வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம், கழிப்பறைக்குக் கவலைப்பட வேண்டாம், களைத்தால் கப்பல் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. ஒரே நாளில் இரண்டு தடவை இறங்கலாம் என்பது இதில் பெரிய வசதி. காலை ஒன்பதரைக்கு மேல், முதல் கூட்டம் இறங்கி லிஃப்ட் காலியான பிறகு ஒரு நடை. பதினொன்றரைக்குத் திரும்பிச் சாப்பாடு, மருந்து, தூக்கம். வெயில் இறங்கிய பிறகு, மூன்று மணிக்கு இன்னொரு நடை. இப்படிப் போகத் தொடங்கிய பிறகு அம்மா ஒருநாளும் சோர்ந்து திரும்பவில்லை.

நான் திரும்பப் போக விரும்பும் நடைகள்

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சின்ட் மார்ட்டினின் பிலிப்ஸ்பர்க். துறைமுக வாசலிலிருந்து ஊருக்குக் கடலோரமாகவே தள்ளிக்கொண்டு போகலாம், நிதானமாகப் போனால் இருபத்தைந்து நிமிடம். தண்ணீர் டாக்ஸி என்று கூப்பிடுவார்கள். அதுவும் படகுதான், ஏறி இறங்கும் அதே தொல்லை. ஊருக்குள் நுழைந்ததும் கிரேட் பே கடற்கரையை ஒட்டி நீளமான நடைமேடை, சமதளம். ஒரு பக்கம் மணலும் கடலும், மறுபக்கம் கடைகளும் உணவகங்களும். நாற்காலியை மணலில் இறக்காமலேயே கடலுக்குப் பத்தடி தூரத்தில் நிறுத்திவிட்டு இளநீர் குடிக்கலாம். கால் மணலில் படாவிட்டாலும் அலைச் சத்தம் அவ்வளவு அருகில் கேட்பது அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. பின்னால் ஃபிரன்ட் தெருவில் 1793-இல் கட்டிய பழைய நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. அந்தத் தெரு குறுகல், கூட்டம் அதிகம். பல கப்பல்கள் ஒன்றாக நிற்கும் நாளில் நடைமேடையோடு திரும்பிவிடுவது நல்லது.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது குராசோவின் வில்லெம்ஸ்டாட். பெரிய கப்பல்கள் ஓட்ரொபாண்டா என்ற நகரப் பகுதியின் பக்கத்தில் நிற்கும். பழைய ரிஃப் கோட்டையின் கடைகள் வழியாக நீர்க்கால்வாயின் ஓரத்துக்கு வந்துவிடலாம். எதிர்க்கரையில் ஹாண்டல்ஸ்கேட் என்ற கரையோரத் தெருவின் வரிசை வீடுகள், மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என்று தண்ணீரில் நிழல் விழ நிற்கும். யுனெஸ்கோ 1997-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் இது. அந்தக் காட்சிக்குப் பாலம் தாண்டவே வேண்டாம், இந்தக் கரையிலிருந்துதான் முழுதாகத் தெரியும்.

ஆனாலும் பாலத்தில் போய்ப் பாருங்கள். ராணி எம்மா பாலம் 1888-இல் வந்தது, மிதவைகள் மேல் கிடக்கிறது. கப்பல் வரும்போது மோட்டார் ஒரு முனையை இழுத்துப் பாலத்தையே கதவு போலத் திறக்கிறது. மணி அடித்ததும் வாயிலைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் பாலத்தில் ஏறிவிட்டவர்கள் அதோடு சேர்ந்து நகர்ந்துபோகலாம். நாங்கள் நடுவில் இருந்தபோது அப்படி நடந்தது. நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டோம், ஊர் மெல்ல எங்களைச் சுற்றித் திரும்பியது. அம்மா கையைத் தட்டினார். தரை மரப்பலகை, இலேசாக ஆடும், இரண்டு முனையிலும் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. முன்சக்கரம் பலகை இடுக்கில் மாட்டாமல் இருக்க நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத் தள்ளுங்கள். ஆரஞ்சுக் கொடி பறந்தால் திறந்த பாலம் சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், நீலக் கொடி என்றால் நேரமாகும். நேரமானால் இலவசப் படகு ஓடும், ஆனால் வீல்சேரோடு இருப்பவர்கள் அவசரமில்லையென்றால் காத்திருப்பதே மேல். கப்பலுக்குத் திரும்பும் நேரத்தில் மட்டும் எதிர்க்கரையில் இருந்துவிடாதீர்கள்.

சான் ஹுவானுக்கு எச்சரிக்கையோடுதான் பரிந்துரை. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி, 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கும் செல்லும். ஆனால் சட்டத்துக்கு முன்னால் வந்துவிட்ட நகரம். பழைய நகரத்தின் தெருக்கள் மேடேறுபவை, நீலக் கற்கள் பதித்தவை. இரும்பு உருக்கிய கசடிலிருந்து வார்த்த அந்தக் கற்கள் பார்க்க அழகு, சக்கரத்துக்கோ ஓயாத அதிர்வு. முதுகுவலி இருப்பவர்களை அதில் கொண்டுபோகாதீர்கள். துறைமேடையிலிருந்து மேற்கே, மேட்டில் ஏறாமல், தண்ணீரோரமாகப் போங்கள். பசேயோ டி லா பிரின்சேசா என்ற மரநிழல் சாலை வரும். ஒரு பக்கம் பெரிய கோட்டைச் சுவர், முடிவில் நீரூற்று, அதைத் தாண்டினால் வளைகுடா. பல கப்பல்கள் இங்கே மாலையில் வந்து இரவு வரை நிற்கும், அந்த நேரத்தில் உள்ளூர்க் குடும்பங்களும் உலாவ வரும். கோட்டைதான் பார்க்க வேண்டும் என்றால் டாக்ஸியில் மேலே போய் இறங்குங்கள், தள்ளிக்கொண்டு ஏற வேண்டாம்.

மார்ட்டினிக்கைத் தமிழர்கள் தவற விடக் கூடாது என்பது என் ஆசை. 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம்மவர்கள் இங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். மொழி போய்விட்டது, மசாலா தங்கிவிட்டது. புவான்ட் சிமோனில் இறங்கினால் கடலோர நடைபாதை, அதைத் தொடர்ந்து லா சவான் பூங்கா, எல்லாம் சமதளம். பூங்காவுக்கு எதிரே ஷோல்ஷர் நூலகம். 1889 பாரிஸ் கண்காட்சிக் காலத்தில் உருவாகி, பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து பூட்டிய கட்டடம், வெளியிலிருந்து பார்த்தாலே போதும். அங்கிருந்து மூடிய சந்தைக்குப் போங்கள். கொலொம்போ என்ற பெயரில் ஒரு பொடி விற்பார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்தது. அம்மா மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "இது நம்ம கறிப்பொடிதானே" என்றார். சந்தைக்குள் கடைகளுக்கு நடுவே இடம் குறைவு, திறந்தவுடன் போனால் உருட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரூபாவின் ஓரஞ்செஸ்டாட் தட்டையான ஊர், துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்து கடைத்தெரு. காற்று ஓயாமல் அடிக்கும், தொப்பியைக் கட்டிவிடுங்கள். செயின்ட் கிட்ஸின் பாஸ்டேரில் போர்ட் சான்டே கடைப்பகுதியும், அதைத் தாண்டிய பச்சை மணிக்கூண்டும் அருகருகே. ஆனால் சாலையோரம் ஆழமான திறந்த வாய்க்கால்கள் உண்டு, ஆன்டிகுவாவிலும் டொமினிக்காவிலும் அப்படித்தான். நடைபாதையை நம்பாமல் எங்கே கடப்பது என்று முதலில் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். நாசோ துறைமுகத்தைப் புதுப்பித்து 2023-இல் திறந்தார்கள், வாசலைத் தாண்டினால் பே தெரு, ஓலைப்பொருள் சந்தை, இளஞ்சிவப்பு நாடாளுமன்றக் கட்டடங்கள். அரசியின் படிக்கட்டு என்பது பெயருக்கேற்றபடி முழுக்கப் படிகள், அதை விட்டுவிடலாம்.

கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது ஆசையானால், கப்பல் நிறுவனங்களின் சொந்தத் தீவுகளைப் பாருங்கள். பஹாமாஸில் ராயல் கரீபியனின் கோகோகேவுக்கும் டிஸ்னியின் காஸ்டவே கீக்கும் துறைமேடை உண்டு, தளம் போட்ட பாதைகள் உண்டு. பலூன் போன்ற தடித்த சக்கரம் வைத்த மணல் வீல்சேர்கள் அங்கே இலவசம். முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலில். அந்த ஒரு நாள் மட்டும், காத்திருக்காமல் முதல் கூட்டத்தோடு இறங்கிவிடுங்கள்.

இறங்கும் நேரமும் பையும்

கப்பலிலிருந்து இறங்கும் பாலத்துக்கு கேங்வே என்பார்கள். கரீபியனில் ஓதம் அதிகம் ஏறி இறங்காது என்பதால் பெரும்பாலும் சரிவு தாங்கக்கூடியதாக இருக்கும். எந்தத் தளத்தில் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சில நாள் செங்குத்தாகவும் இருக்கும். அப்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரியமாட்டார். ஊழியர்களிடம் தயங்காமல் உதவி கேளுங்கள், அந்தப் பாலத்தில் பிடிப்பது அவர்கள் வேலை.

பையில் கைப்பம்ப், சிறிய ஸ்பேனர், டியூப் ஒட்டும் பொருள், நாற்காலிக்கான பட்டை, தள்ளுபவருக்குக் கையுறை. கைப்பிடியும் கால்மிதியும் வெயிலில் சுடும், ஒரு பருத்தித் துண்டைச் சுற்றிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த கால் என்றால் இது மிக முக்கியம், சுட்டது அவருக்கே தெரியாது. மருந்து, தண்ணீர், கப்பல் அட்டை, அடையாள அட்டை எல்லாம் தள்ளுபவரிடம் இருக்கட்டும்.

கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோசுமெல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில்தான் இருக்கிறது. கோடையில் புளோரிடா நேரத்தில் ஓடும் கப்பலுக்கும் ஊர்க் கடிகாரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம் வரும். கடைசி நேரம் என்று அறிவித்ததற்கு ஒரு மணி முன்னாலேயே வாசலுக்கு வந்துவிடுங்கள், திரும்பும் கூட்டத்தில் லிஃப்ட் கிடைக்க நேரமாகும்.

இன்னொன்று. வழியில் கடைக்காரர்கள், ஓட்டுநர்கள் எல்லோரும் தள்ளுபவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே தள்ளி, அம்மாவையே பதில் சொல்ல விடுங்கள். எந்தக் கடைக்குப் போவது, எங்கே திரும்புவது, எவ்வளவு நேரம் உட்காருவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பிலிப்ஸ்பர்க்கில் நான் அவசரப்பட்டபோது அம்மா பிரேக்கைத் தானே போட்டுக்கொண்டார். இன்னும் அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம்.

கேபினுக்குத் திரும்பியதும் ஈரத் துணியால் சக்கரத்தின் அச்சையும் பேரிங்கையும் துடைத்துவிடுங்கள், உப்பும் மணலும் ஒரே வாரத்தில் இறுக்கிப் பிடித்துவிடும். பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். அப்புறம் வரவேற்பு மேசைக்குப் போன் செய்து, நாளைக்கு கேங்வே எந்தத் தளத்தில் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.